நூறு கோடு குறைந்த பெட்டி

எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அம்மாவுக்கு நடவு, களையெடுப்பு, கடலைக்காய் பிடுங்குவது. அப்பாவுக்கு ஏர், அது இல்லாத நாளில் மூட்டை. இரண்டு பேரும் காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார்கள். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் பக்கம் ஒரு ஷெட்டில் டிவி செய்கிற யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல.

"இன்னாடி வேலை? நின்னுகினா, குனிஞ்சிகினா?"

"உக்காந்துகினும்மா. நாற்காலி குடுத்துகிறாங்க."

"உக்காந்துகினே சம்பளமா? ஏசுவே! இதுல ஏதோ ஏமாத்து வேலை கீது."

நம்பிக்கை இல்லாமல் மறுவாரமே வந்து ஷெட்டின் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நான் நிஜமாகவே நாற்காலியில் உட்கார்ந்து, சோல்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு, புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் "எம் பொண்ணு உக்காந்து வேலை செய்றா" என்பதுதான் பதில். டிவி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. நாற்காலி எல்லோருக்கும் தெரியும்.

எழுபதுகளின் பின்பாதி அது. மெட்ராஸில் டிவி நிலையம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் சாயங்காலம் கொஞ்ச நேரம். இரும்புக் குழாயை உயரமாக நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டரும் வைத்தால் திருவள்ளூர் வரைக்கும் படம் வரும். ஆன்டெனாவில் காக்கா வந்து உட்கார்ந்தால் போய்விடும். காக்கா எழுந்து போனால் திரும்ப வரும். நாங்கள் விஞ்ஞானத்தை இந்த அளவுக்கு எட்டிப் பிடித்திருந்தோம்.

யூனிட் முதலாளியை நாங்கள் சார் என்போம். அவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தியவர்கள் எல்லோரும் பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்தவர்கள். சார் மட்டும் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பெருமாளுக்குப் பதில் பிக்சர் ட்யூபைத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா? ஒரு பெட்டி தயாராகிவிட்டால் அதை அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, மேலே சின்னதாக ஒரு நாமம் போடுவார். நான் வேதக்காரப் பெண். என் கையை விட்டுப் போகும் சர்க்யூட் பலகைமேல் யாருக்கும் தெரியாமல் கட்டை விரலால் ஒரு சிலுவை போட்டுவிடுவேன். ஆக எங்கள் பெட்டிகளுக்கு இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் இருந்தது. அதனால் என்ன பலன் என்றுதான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் வேலை சத்தம். டிவி நிலையத்திலிருந்து படம் தனியாகவும் சத்தம் தனியாகவும்தான் காற்றில் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்குத் தகுந்தபடி செம்புக் கம்பியில் காயில் சுற்றி, பலகையில் வைத்துப் பற்றவைத்தால்தான் பெட்டி பேசும். நான் பற்றவைத்த பலகைகள் கணீரென்று பேசின. சார் அதிகம் புகழ மாட்டார். ஒரே ஒரு தடவை, "உன் கைக்கு நன்னா வாய் வரதும்மா" என்றார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஆனால் பெட்டி செய்தால் போதுமா? விற்க வேண்டாமா? கடைகளில் மெட்ராஸ் கம்பெனிப் பெட்டிகளைத்தான் கேட்டார்கள். திருவள்ளூரில் செய்த டிவியைத் திருவள்ளூர்க்காரனே நம்பவில்லை. அப்போதுதான் சுற்றுவட்டத்துப் பெரிய மனிதர்கள் சிலர் ஒரு கமிட்டியாகச் சேர்ந்து, ஒவ்வொரு ஊர் ரேடியோ ரூமிலும் பொதுவுக்கு ஒரு டிவி வைப்பது என்று முடிவு செய்தார்கள். சார் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்ததும் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னார்.

"இந்த ஆர்டர் கிடைச்சா யூனிட் நிக்கும். கிடைக்கலேன்னா மூடிடறதைத் தவிர வேற வழி தெரியலை."

எனக்குக் கீழே இருந்த நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய மனிதர்களுக்குத் தலைவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. ஆந்திராப் பக்கத்துப் பூர்வீகம், வீட்டில் தெலுங்கு. எங்கள் அம்மா களையெடுத்ததெல்லாம் பெரும்பாலும் அவருடைய வயல்களில்தான். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் இருந்தான். போனவன் வரவில்லை. வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், தான் வருவதற்குப் பதிலாகக் கப்பலில் ஒரு கலர் டிவியை அனுப்பிவைத்தான். எங்கள் பெட்டியைப்போல் ஒன்றரை மடங்கு. நாலு காலில் நிற்கும் தேக்கு நிறப் பெட்டி. மெட்ராஸே கறுப்பு வெள்ளையில் இருந்தபோது அவர் வீட்டில் கலர் டிவி!

சார் போய் நின்றதும் மில்லுக்காரர் சொன்னாராம்: "நம்மகிட்டயும் ஒண்ணு கீது சாமி. உங்களுதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்போம். ஊர் ஜனமே பாத்துச் சொல்லட்டும். அதுக்கு சமமா இருந்தா ஊருக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். டப்பு குடுத்து வாங்குறோம், ஏமாறக் கூடாது பாரு."

சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஏனென்றால் அமெரிக்கப் பெட்டி இங்கே சரியாக வேலை செய்யாது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு விளக்கினார். நம் நாட்டில் ஒரு படத்துக்கு அறுநூற்று இருபத்தைந்து கோடு. மேலிருந்து கீழாக அத்தனை வரி வரியாக வரைந்துதான் படம் உண்டாகிறது. அமெரிக்காவில் ஐநூற்று இருபத்தைந்துதான். அவர்கள் வேகமும் வேறு, படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் வேறு. அதனால் மெட்ராஸ் படம் அந்தப் பெட்டியில் உருண்டுகொண்டே இருக்கும், சத்தம் அடியோடு வராது.

"பக்கத்துல பக்கத்துல வெச்சா கொழந்தைக்குக்கூடப் புரிஞ்சுடும்மா" என்றார். படித்தவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? நானும் நம்பினேன். வீட்டில் அம்மாவிடம் நாற்காலி நிலைத்துவிட்டது என்றே சொல்லிவிட்டேன்.

அமாவாசை அன்றைக்குப் போட்டி. அன்றைக்கென்றால் கோயிலுக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள், குளத்தில் வெல்லம் போடுவார்கள், சாயங்காலம் கூட்டம் தானாகச் சேரும். முந்தின நாள் மில்லுக்காரர் ஆள் அனுப்பினார். வீட்டில் அமெரிக்கப் பெட்டி சரியாகத் தெரியவில்லை, படம் உருண்டுகொண்டே இருக்கிறது, சாமி வந்து கொஞ்சம் பார்க்கவேண்டும் என்று. நான் சார் முகத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு செய்தி வந்தால் நானாக இருந்தால் ஜுரம் என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். சார் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இன்னா சார், படம் உருண்டுக்கினே இருந்தா இருந்துட்டுப் போவுது. நமக்கு நல்லதுதானே?"

"சேவைக்கு நாலு பேர் வர எடத்துல ஒண்ணை அலங்காரம் பண்ணி, இன்னொண்ணை அலங்கோலமா நிக்கவிடலாமாம்மா? அது போட்டி இல்லே, அவமானம்."

கோயில்காரர் புத்தி! எதிரியின் விக்கிரகமாக இருந்தாலும் மாலை கோணலாக இருந்தால் கை தானாகப் போய்விடும். மில்லுக்காரர் பெட்டியைத் திறக்க மட்டும் விடவில்லை. மகன் கைப்படக் கட்டி அனுப்பியது, அதன்மேல் திருப்புளி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சார் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த திருகுகளை மட்டும் திருகித் திருகி, உருண்டுகொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டு வந்தார். சத்தம் வராது, பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கிற காயிலை மாற்ற வேண்டும் என்று மில்லுக்காரரிடம் சொன்னாராம். எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் இங்கிலீஷில் சொல்லியிருப்பார். மில்லுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "நம்ம ஊட்டு ஆன்டெனா சரியில்லேன்றாரு சாமி" என்று வீட்டம்மாவிடம் முடித்துவிட்டார்.

அமாவாசை சாயங்காலம் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் ஒரே ஜனம். நீளமான பெஞ்சைப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒட்டி ஒட்டி வைத்தார்கள். அவர்களுடைய பெட்டியின் கால்களைக் கழற்றினால் மகன் கைப்படப் பூட்டியது கெட்டுவிடும் என்று, கால்களோடே பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பெட்டி அதன் இடுப்பளவுக்கு இருந்தது. இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா, ஒரே கரண்ட் பலகை. அமெரிக்கப் பெட்டிக்கு மட்டும் நடுவில் ஒரு கனத்த ட்ரான்ஸ்ஃபார்மர், நம்மூர்க் கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க. அது தேன்கூடுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. "கேட்டியா, இஞ்சின் உள்ளேயே கீது" என்றான் ஒருவன்.

மில்லுக்காரர் வீட்டம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தின் பின்னால், வயலிலிருந்து நேரே வந்த காலோடு, எங்கள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் பெஞ்சுக்குப் பின்னால், சாரோடு.

முதலில் நிலையத்தின் வட்டம் வந்தது. ஒளிபரப்புத் தொடங்குவதற்கு முன்னால், பெட்டியைச் சரிபார்த்துக்கொள்வதற்கு என்றே ஒரு வட்டத்தைக் காட்டுவார்கள். எங்கள் பெட்டியில் அது வட்டமாக இருந்தது. வளையல் வைத்து வரைந்ததுபோல வட்டம். அமெரிக்கப் பெட்டியில் வேகம் பொருந்தாததால் மேலும் கீழும் இழுபட்டு முட்டையாக நின்றது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

"நம்ம பொட்டியில பாரு, எவ்ளோ பெருசு!" என்றது கூட்டம். அமெரிக்கப் பெட்டி அதற்குள் 'நம்ம பொட்டி' ஆகிவிட்டிருந்தது.

"அது வட்டமே இல்லைங்க, முட்டை!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"முட்டையோ வட்டமோ, பெருசு பெருசுதானேம்மா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள் பார்ப்போம். அடுத்தது செய்தி, முதலில் படத்தைப் பார்ப்போம் என்று சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள். எங்கள் பெட்டியில் செய்தி வாசிக்கிற அம்மாள் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். அமெரிக்கப் பெட்டியில் சுரைக்காய் மாதிரி முகம் நீண்டு, கொண்டை திரைக் கண்ணாடிக்கு மேலே போய்விட்டது.

"இன்னா ஒசரம் பாரு! அதுல அடங்கவே மாட்டேன்றாங்க."

"அமெரிக்காக்காரன் எல்லாம் ஒசரம்தானே நைனா? அவன் பொட்டியில வந்தா நம்மாளும் ஒசந்துடுவான்."

"அப்போ இந்தப் பொட்டியில குள்ளமா கீறாங்களே, அது?"

"அது திருவள்ளூர்ல செஞ்சதுப்பா."

கலர் டிவிக்குள் மூன்று நிறக் கதிர்களும் ஒரே இடத்தில் விழவேண்டும். கப்பலில் குலுங்கி வந்ததில் அவை கொஞ்சம் விலகியிருந்தன. அதனால் முகத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசிந்தன. அது கோளாறு. ஜனங்களோ கைதட்டினார்கள். கலர், கலர் என்று ஒரு கிழவனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மெட்ராஸ்காரனே கறுப்பு வெள்ளையில்தான் அனுப்புகிறான் என்று சார் சொல்லிப் பார்த்தார். "அவன் அனுப்பாட்டி இன்னா, பொட்டி போட்டுக்குது" என்று பதில் வந்தது.

எங்களுக்கு ஆதரவாக ஒரே ஒருவர் பேசினார். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து இங்கே தறி போட்டிருந்தவர். அவரும் கமிட்டியில் ஓர் ஆள். சார் கோட்டுக் கணக்கைச் சொன்னதும் அவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து இரண்டு படத்தையும் துணி பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதுல நூறு எழை ஜாஸ்தி. நெசவு நெருக்கமா கீது. அது சல்லடையா கீதுபா" என்றார்.

எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. ஆனால் உடனே ஒரு குரல்: "கோடு போட்ட நோட்டைவிட கோடு போடாத நோட்டுக்குத்தான் வெலை ஜாஸ்தி. கோடு கொறைய கொறைய பொட்டி ஒசத்தி." கூட்டம் அதை ஆமோதித்தது. இந்த வாதத்தை எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். படம் என் வேலை இல்லை. சத்தத்துக்கு வந்தார்கள்.

சார் எங்கள் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார். என் பலகை, என் காயில், நான் பற்றவைத்தது. களம் முழுக்க அந்த அம்மாளின் குரல் கணீரென்று போய், மில் சுவரில் மோதித் திரும்பியது. கடைசியில் நின்ற எங்கள் அம்மாவுக்கும் கேட்டிருக்கும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். அப்போது மில்லுக்காரர் எழுந்து நின்று கத்தினார்.

"பேசுது! பேசுது! என் புள்ள பொட்டி பேசுது!"

இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரண்டிலும் ஒரே வாய் அசைகிறது. சத்தம் எதிலிருந்து வருகிறது என்று பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? பெரிய வாய் அசைகிற பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். "அமெரிக்கா சத்தம்னா அமெரிக்கா சத்தம்தான்" என்றார்கள். "பக்கத்துல இருக்கிறது வாயை மட்டும் அசைக்குது, பாவம்" என்றார்கள். வட்டத்தை முட்டையாகப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளலாம். என் சத்தத்தைத் தூக்கி அதன் வாயில் வைத்தால்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்கவில்லை. முன்னால் போய் எங்கள் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

களமே ஊமையாகிவிட்டது. அமெரிக்கப் பெட்டியில் அந்த நீண்ட முகம் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டேன், பேசியது. அணைத்தேன், நின்றது. இதைவிட நிரூபணம் வேண்டுமா? தறிக்காரர் தலையை ஆட்டினார், அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னும் நாலைந்து பேருக்கும் புரிந்திருக்கும். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

மில்லுக்காரர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சைச் சுற்றி எங்களிடம் வந்தார். குரலை இறக்கி, எனக்கும் சாருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சாமி, மெய்யாலுமே சொல்லு. என் புள்ள ஊமைப் பொட்டியா அனுப்பிச்சிகிறான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். எங்கள் பெட்டியில் படமும் உண்டு, சத்தமும் உண்டு, ஊருக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடுத்த வார்த்தை. நான் சார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் வீட்டம்மா பெட்டி பேசியபோது கூப்பிய கையை இன்னும் இறக்காமல், மறுபடி எப்போது பேசும் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இல்லே ஐயா" என்றார் சார். "உங்க செட் நன்னாப் பேசும். ரெண்டையும் ஒரே ஒயர்ல போட்டது எங்க தப்பு. எங்களோடது உங்களோடதை இழுத்துடறது."

மில்லுக்காரருக்குப் போன உயிர் வந்தது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி, "கேட்டுக்கங்கப்பா! இவங்க பொட்டி நம்ம பொட்டியோட சத்தத்த இழுத்துக்குதாம். சாமியே சொல்லிட்டாரு!" என்றார். கூட்டம் எங்கள் பெட்டியைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவ்வளவுதான். கமிட்டி அங்கேயே கலைந்துவிட்டது. தறிக்காரர் மட்டும் போகும்போது சாரிடம், "புரிஞ்சுது சாமி. ஆனா அவரு மொகத்துக்கு நேரா யாரு சொல்றது?" என்றுவிட்டுப் போனார்.

மாட்டுவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாதி வழி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிறகு முடியவில்லை.

"இன்னா சார், இப்பிடிச் சொல்லிட்டீங்க?"

"அந்த அம்மா கையைக் கூப்பிண்டு உக்காந்திருந்தாளே, நீ பாக்கலையா?"

"பாத்தேன் சார். கூட்டத்துக்குப் பின்னாடி எங்கம்மாவும்தான் நின்னுகினு இருந்துது. அத நீங்க பாக்கலையா?"

சார் ஷெட் வரைக்கும் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றார்கள்? அவருடைய நல்ல மனசில் எங்களுக்குத்தான் இடம் போதவில்லை. அன்றைக்கு அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

மாதக் கடைசியோடு மூடுவதாகச் சொல்லிவிட்டார். அவர் மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. மற்றப் பெண்களில் இருவர் கல்யாணம் என்று நின்றார்கள். ஒருத்தி கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஏதோ கம்பெனி வரப்போகிறதாம், பார்க்கலாம் என்றாள். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ அந்த நாற்காலி?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி வாரத்தில் சார் என் மேஜைக்கு வந்து ஒரு படம் வரைந்து காட்டினார். அலைவரிசை பிடிக்கிற பகுதி, என் சத்தப் பலகை, ஒரு ஸ்பீக்கர். பிக்சர் ட்யூப் கிடையாது. சின்ன மரப்பெட்டியில் அடங்கவேண்டும்.

"இது யாருக்கு சார்?"

"மில்லுக்காரர் ஆத்துக்கு. அந்த செட்டுக்கு அடியில வெச்சு, ரெண்டும் ஒரே சுவிட்சுல போறாப்பல பண்ணிட்டா பேசும். அன்னிக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன், உங்க செட் பேசும்னு."

"நம்ம சோத்துல மண்ணு போட்டவங்களுக்கு நாமளே பொட்டி செஞ்சி குடுக்கறதா? நல்லாகீது சார் உங்க நாயம்!"

"வேண்டாம்னா விட்டுடும்மா. நானே பண்ணிக்கறேன்."

விடவில்லை, செய்தேன். அவருக்காக இல்லை, அந்த அம்மாவுக்காகவும் இல்லை. உட்கார்ந்து செய்ய அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. எங்கள் யூனிட் கடைசியாகச் செய்த டிவிக்குப் படமே கிடையாது. அவ்வளவு சுத்தமாக நான் எதையும் பற்றவைத்ததில்லை. சார் அதை அட்டைப்பெட்டியில் வைத்து நாமம் போட்டார். நான் இந்தத் தடவை சிலுவை போடவில்லை, கோபம்.

இரண்டு பேருமாக மில்லுக்காரர் வீட்டுக்குப் போனோம். 'ஒயரைச் சரிபண்ண' என்று சொல்லி சார் அவரை வாசலிலேயே உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், பெட்டியின் கால்களுக்கு நடுவில் இருந்த அலமாரியில், மடித்து வைத்திருந்த ஜமக்காளங்களுக்குப் பின்னால் மரப்பெட்டியைத் தள்ளினேன். ஒயர்களைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஒரே சுவிட்சில் சேர்த்தேன். எங்கள் வீட்டு ஆட்கள் அந்தக் கூடத்துக்குள் வந்ததே அன்றுதான் முதல் தடவை. அதுவும் திருட்டுத்தனமாக ஒரு சத்தத்தை ஒளித்துவைக்க.

நிலையம் தொடங்கியது. விவசாய நிகழ்ச்சி. நீள முகத்தோடு ஒருவர் நாற்றங்காலைப் பற்றிப் பேசினார். பெட்டி பேசியது. வீட்டம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, தரையில் அதன் எதிரே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எம் புள்ள ஊட்டுக்கு வந்த மாதிரியே கீதுமா" என்றார்கள் என்னிடம். அந்த ஒரு நிமிஷம், சார் சொன்னது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததில் ஆத்திரம்தான் ஜாஸ்தியானது.

மில்லுக்காரர் உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா அம்மாடி? உங்க பொட்டி பக்கத்துல இல்லாங்காட்டி என் புள்ள பொட்டி எப்பிடிப் பேசுது! ஊருக்கு ஊரு உங்களுத வாங்கி வெச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்? நல்லவேளை, தப்பிச்சோம்."

நான் சாரைப் பார்த்தேன். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

அவருக்கு ரொம்பத் திருப்தி. வாசல்வரைக்கும் கூடவே வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, பாவம் என்று நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னார்: "கம்பெனி மூடுறாங்களாமே? நீ ஒண்ணும் பேஜாராவாதே. ஏரிக்கரை வயல்ல களை ரொப்பிக்கினு கீது. உங்கம்மாகூட நீயும் வந்துடு."

திங்கட்கிழமை போனேன்.